துல்சா: நூறு வருஷம் யாரும் பேசவில்லையா?

“1921 துல்சா படுகொலை நிஜம் என்றால் நூறு வருஷமாக ஏன் யாரும் பேசவில்லை, இப்போது அரசியலுக்காகக் கிளப்புகிறார்கள்” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் உள்ள துல்சா நகரில், கறுப்பினத்தவர் வாழ்ந்த கிரீன்வுட் பகுதியை வெள்ளையர் கும்பல் தாக்கி எரித்த சம்பவம் அது. யாரும் பேசவில்லை என்பது தப்பு. அப்போதே பேசினார்கள். உயிர் தப்பிய மேரி ஜோன்ஸ் பாரிஷ் என்ற கறுப்பினப் பெண்மணி, பாதிக்கப்பட்டவர்களின் வாக்குமூலங்களைத் திரட்டி அடுத்த சில வருடங்களிலேயே அச்சில் கொண்டுவந்துவிட்டார். கேட்கத்தான் ஆளில்லை.

பேச்சு எப்படி அடங்கியது என்று பாருங்கள். லிஃப்டில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணைக் கறுப்பின இளைஞர் தாக்கினார் என்று மே 31 அன்று முதல் பக்கத்தில் செய்தி போட்டு ஆட்களை உசுப்பேற்றியது துல்சா ட்ரிப்யூன். பின்னாளில் அந்தப் பத்திரிகையின் பழைய இதழ்களை மைக்ரோஃபிலிம் எடுத்தபோது பார்த்தால், சரியாக அந்தச் செய்தி இருந்த இடம் மட்டும் கிழிக்கப்பட்டிருக்கிறது, தலையங்கப் பக்கத்திலும் பெரும்பகுதியைக் காணோம். கறையான் இப்படிப் பார்த்துப் பார்த்து அரிக்காது!

கிரீன்வுட் பகுதியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் எரிந்தன. காப்பீட்டுப் பணம் கேட்டுப் போனவர்களுக்கு, கலவரச் சேதத்துக்குப் பணம் கிடையாது என்று கைவிரித்துவிட்டார்கள். எரித்தவர்களில் ஒருவருக்கும் தண்டனை இல்லை. சரி, இப்போதுதான் கிளப்பினார்களா? ஓக்லஹோமா மாநில அரசே விசாரணைக் குழு அமைத்தது 1997இல், அறிக்கை வந்தது 2001இல். அப்புறம் பலியானவர்களின் உடல்களைத் தேடி 2020 முதல் துல்சாவின் ஓக்லான் கல்லறையில் தோண்டி, 2024இல் முதன்முதலாக அவர்களில் ஒருவரை அடையாளமும் கண்டார்கள்.

இன்னொன்று, பள்ளிகளில் இனம் பற்றிக் கற்பிப்பதைக் கட்டுப்படுத்த 2021இல் அதே மாநிலம் கொண்டுவந்த சட்டம் துல்சா பாடத்தைத் தடை செய்யவில்லை என்பது உண்மைதான், ஆனால் இனவெறியைப் பற்றி எதைச் சொன்னால் புகார் வருமோ என்று ஆசிரியர்கள் தயங்குவதும் உண்மை.