இல்லாத சாவிக்குப் பிடித்தம்

இரண்டாவது சாவி வேண்டுமாம்.

நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். டிக்கி முழுவதும் பின் சீட்டுக்குள் புகுந்துவிட்ட, பின் கண்ணாடி இருந்த இடத்தில் வெறும் ஓட்டை இருக்கிற, இடது பின் கதவு திறக்கவும் மாட்டாமல் மூடவும் மாட்டாமல் கோணிக்கொண்டு நிற்கிற, இனி எந்த ஜென்மத்திலும் சாலையில் ஓடப்போகாத ஒரு காருக்கு இரண்டாவது சாவி. ஒப்படைக்காவிட்டால் க்ளைம் தொகையில் பிடித்துக்கொள்வார்களாம். இன்று காலை குறுஞ்செய்தி. முடிவில் ஒரு சிரிப்புப் பொம்மை வேறு.

இன்சூரன்ஸ்காரர்களோடு மல்லுக்கட்டியவர்களுக்கு மேற்கொண்டு விளக்கமே வேண்டாம். இருந்தாலும் சொல்லித்தான் தீர்ப்பேன். சொல்லாவிட்டால் மண்டை வெடித்துவிடும்.

போன் போட்டேன். முதலில் ஒரு பதிவுக் குரல், என் அழைப்பு அவர்களுக்கு எவ்வளவு முக்கியம் என்று உருகியது. அவ்வளவு முக்கியமென்றால் எடுத்துத் தொலைக்க வேண்டியதுதானே? பிறகு பாலிசி நம்பர், க்ளைம் நம்பர், பிறந்த தேதி, 17 எழுத்து சேஸிஸ் நம்பர் எல்லாம் வரிசையாகக் கேட்டது. அதையெல்லாம் அமுக்கி முடித்து, காது சூடாகிற அளவுக்குப் புல்லாங்குழல் கேட்ட பிறகு, ஒரு பையன் வந்தான். நல்ல பணிவான குரல். அதனாலேயே இன்னும் எரிச்சல்.

"மேடம், எங்க ரெக்கார்டுல ரெண்டு சாவின்னு இருக்கு."

"நான் அந்த வண்டியை செகண்ட் ஹேண்டில் வாங்கும்போதே ஒரே ஒரு சாவிதான் தம்பி."

"ஓகே மேடம். அப்போ ஒண்ணு தொலைஞ்சுபோச்சுன்னு போட்டுக்கலாமா?"

"தொலையவில்லை. இருந்ததே இல்லை."

சிறிது நேரம் கீபோர்டு சத்தம். "அப்படி ஒரு ஆப்ஷன் இல்லையே மேடம்."

என்னதான் இருக்கிறது என்று கேட்டேன். ஒப்படைக்கப்பட்டது, தொலைந்தது, திருடு போனது. இந்த மூன்றுதான் மனித வாழ்க்கையில் ஒரு சாவிக்கு நேரக்கூடியவை என்று யாரோ ஒரு புண்ணியவான் ஏசி அறையில் உட்கார்ந்து முடிவு செய்திருக்கிறான். தொலைந்தது என்று போட்டால் பிடித்தம். திருடு போனது என்று போட்டால் போலீஸ் ரிப்போர்ட் வேண்டும். அதாவது, பிறக்கவே பிறக்காத ஒரு சாவியைக் காணவில்லை என்று நான் போலீஸ் ஸ்டேஷனில் போய் அழ வேண்டும். அடையாளம் கேட்டால் என்ன சொல்வது?

சரி, அந்த இரண்டாவது சாவியை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டேன். உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன்.

"வண்டியோட பாதுகாப்புக்கு மேடம்."

"தம்பி, அந்த வண்டிக்குப் பின் கண்ணாடியே இல்லை. யார் வேண்டுமானாலும் அந்த வழியாக ஏறி உள்ளே போய்ப் படுத்துத் தூங்கலாம்."

"நோட் பண்ணிக்கறேன் மேடம்."

என்னத்தை நோட் பண்ணினான் என்று இப்போது வரை யோசித்துக்கொண்டிருக்கிறேன். 'வாடிக்கையாளர் வண்டியில் தூங்க விரும்புகிறார்' என்று எழுதியிருந்தாலும் ஆச்சரியமில்லை.

அடுத்து மேலதிகாரிக்கு மாற்றினான். மறுபடி புல்லாங்குழல். அவர் வந்ததும் முதல் கேள்வி, "க்ளைம் நம்பர் சொல்லுங்க." சொன்னேன். "என்ன பிரச்சினை?" முதலிலிருந்து சொன்னேன். இருந்ததே இல்லை என்று சொன்ன இடத்தில் அவருக்கும் அதே கீபோர்டு சத்தம், அதே மூன்று ஆப்ஷன். பாதியில் என்னை நிறுத்திவிட்டு, குரலில் தேன் தடவிக் கேட்டார்: "வீட்ல வண்டி விஷயம் தெரிஞ்சவங்க யாராவது இருந்தா பேசச் சொல்றீங்களா மேடம்?"

வண்டி விஷயம் தெரிந்தவர்!

ஐயா, அது 1996 மாடல் டொயோட்டா கொரோலா. உள்ளே இருப்பது 4ஏ-எஃப்இ இன்ஜின், 1.6 லிட்டர், 16 வால்வு. ஓடும்போது டைமிங் பெல்ட் அறுந்தாலும் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளாத மாதிரி அதை வடிவமைத்திருக்கிறார்கள். வண்டி நின்றுபோகும், இன்ஜின் சாகாது. அந்த பெல்ட்டை எப்போது மாற்ற வேண்டும், வால்வ் கவர் கேஸ்கெட்டில் எந்த மூலையில் ஆயில் கசியும், குளிர்ந்த காலையில் முதல் கியர் எந்த அளவுக்கு அடம் பிடிக்கும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். இந்த வீட்டில் வண்டி விஷயம் தெரிந்த ஒரே ஆள் நான்தான். மற்றவர்களுக்கு போனட் எந்தப் பக்கம் திறக்கும் என்றுகூடத் தெரியாது. இதையெல்லாம் மூச்சுவிடாமல் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பழைய வண்டிதானே மேடம், ஒரு விதத்துல உங்களுக்கு நல்லதுதான்" என்றார்.

வைத்துவிட்டேன். அடுத்த நிமிடமே செய்தி: இந்த உரையாடலுக்கு 1 முதல் 5 வரை மதிப்பெண் தருக. பூஜ்யத்துக்கும் ஆப்ஷன் இல்லை.

பழைய வண்டிதானே. இந்த இரண்டு வார்த்தையில்தான் இவர்களுடைய கணக்கு மொத்தமும் இருக்கிறது. ரிப்பேர் செலவு வண்டியின் மதிப்பை நெருங்கினாலே டோட்டல் லாஸ், அதாவது சரிசெய்யாமல் வண்டியே போய்விட்டதாகக் கணக்கு. வண்டி பழசாகப் பழசாக மதிப்பு இறங்கிக்கொண்டே போகும். டிங்கரிங், பெயின்ட், கூலி எல்லாம் ஏறிக்கொண்டே போகும். ஆக, ஒரு பழைய காரை எவ்வளவுக்கு எவ்வளவு பாசமாக நீண்ட நாள் வைத்திருக்கிறோமோ, அவ்வளவுக்கு அவ்வளவு சின்ன இடியில் அது செத்துப்போனதாக அறிவிக்கப்படும். புது கார் என்றால் இதே இடிக்கு ஒர்க்ஷாப்பில் படுக்கவைத்து ராஜ வைத்தியம் நடந்திருக்கும்.

சரி, என் வண்டி வாங்கியது சின்ன இடி இல்லை, ஒப்புக்கொள்கிறேன். சேஸிஸ் வளைந்துவிட்டது. இந்த மாதிரி கார்களில் தனியாக சேஸிஸ் என்று ஒன்று கிடையாது, உடம்பேதான் எலும்புக்கூடும். ஒரு இடத்தில் அளவு தப்பினால் கதவு, கண்ணாடி, சக்கரம் எல்லாவற்றின் அளவும் தப்பும். மெக்கானிக் அண்ணன் கீழே படுத்துப் பார்த்துவிட்டு எழுந்து வந்தவர், எதுவும் சொல்லாமல் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. ஆனால் சேதத்தை மதிப்பிட இன்சூரன்ஸில் அனுப்பிய அந்த சர்வேயர் இருக்கிறாரே, அவர் வண்டியைச் சுற்றி ஒரு வலம் வந்தார், நாலு போட்டோ எடுத்தார், போய்விட்டார். போன மாதம் மாற்றிய நாலு டயர்? கணக்கில் வராது. புது பேட்டரி? வராது. ஷாக் அப்சார்பர்? பராமரிப்புச் செலவு மேடம், மதிப்பில் சேராது. பெட்ரோல் டேங்க் ஃபுல்லாக இருந்ததைச் சொன்னேன், சிரித்தார். இதில் எதையும் சேர்க்க வழியில்லாத கணக்கில், இல்லாத சாவியைக் கழிக்க மட்டும் வழி இருக்கிறது.

இடித்த மகராசனைப் பற்றிச் சொல்லவில்லையே. சிக்னலில் நின்றுகொண்டிருந்தேன். நின்று. கொண்டிருந்தேன். சிவப்பு விளக்கு, கை பிரேக் போட்டு, பாட்டு கேட்டுக்கொண்டு. பின்னால் கப்பல் சைஸில் ஒரு புது வண்டியில் வந்தவர், போனைப் பார்த்துக்கொண்டே வந்து ஏற்றினார். அவருடைய வண்டியில் முன்னால் ஏதாவது வந்தால் தானாகவே பிரேக் பிடிக்கும் வசதி இருக்கிறது. ஏன் பிடிக்கவில்லை என்று கேட்டேன். "அது சும்மா சும்மா கீங் கீங்னு கத்துதுங்க, அதான் ஆஃப் பண்ணி வெச்சிருந்தேன்" என்றார். காசு கொடுத்து வாங்கிய மூளையை ஆஃப் பண்ணிவிட்டு, சொந்த மூளையைப் போனில் வைத்துவிட்டு வந்திருக்கிறார். அவர் வண்டிக்கு பம்பரும் ஒரு விளக்கும்தான் போயிற்று. அதே வண்டியை ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார். இத்தனைக்கும் என் இன்ஜின் அவ்வளவு அடி வாங்கியும் நிற்கவே இல்லை தெரியுமா? உடைந்த கண்ணாடிக்கு நடுவில், ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. சாவியைத் திருகி நான்தான் அணைத்தேன். அந்த ஒரே சாவியை.

அடுத்து ஆறுதல் சொல்ல வருகிறவர்கள். இன்சூரன்ஸ்காரனையாவது மன்னிக்கலாம், அவன் சம்பளத்துக்குப் பேசுகிறான்.

"உனக்கு ஒண்ணும் ஆகலையே, அதைச் சொல்லு." சொல்லிவிட்டேன். ஒன்றும் ஆகவில்லை. சந்தோஷம். இப்போது வண்டியை நினைத்து அழலாமா? அதற்கு அனுமதி இல்லை. "இரும்புதானே, போனாப் போகுது" என்கிறாள் ஒரு தோழி. இவள் போன் திரையில் ஒரு கீறல் விழுந்ததற்கு இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தவள். அதுவும் கண்ணாடிதானே? இன்னொருத்தர், "கொரோலாவுக்கா பஞ்சம், ஊரெல்லாம் அதுதான், இன்னொண்ணு வாங்கிக்கோ" என்கிறார். உண்மைதான். 1966இலிருந்து விற்கிறார்கள், 2021இல் மொத்த விற்பனை 5 கோடியைத் தாண்டியது என்று டொயோட்டாவே சொல்லிவிட்டது. உலகத்தில் இதைவிடச் சாதாரணமான கார் கிடையாது. விலை உயர்ந்த பழங்காலக் கார் என்றால் கூடி நின்று துக்கம் கேட்பார்கள். 5 கோடியில் ஒன்று போனதற்கு ஒருத்தி அழுதால் ஏற இறங்கப் பார்க்கிறார்கள். அந்த 5 கோடியில் எதன் கிளவ் பாக்ஸை முட்டியால் தட்டினால்தான் திறக்கும் என்று எனக்குத் தெரியும்? எதன் பின் சீட்டில் என் மகள் ஸ்டிக்கர் ஒட்டி, நான் திட்டி, பிறகு அதைப் பிய்க்க மனசில்லாமல் விட்டிருக்கிறேன்?

இவர்கள் எல்லாரையும் தூக்கிச் சாப்பிட்டவர் பெரியப்பா. "அந்தக் காலத்து வண்டியா இருந்தா இப்படி அப்பளமா நொறுங்கியிருக்குமா? எல்லாம் தகரம்!" என்கிறார். பெரியப்பா, அது நொறுங்க வேண்டும் என்றுதான் செய்திருக்கிறார்கள். மெர்சிடிஸில் பேலா பரேனி என்று ஒரு பொறியாளர் இருந்தார். வண்டியின் முன்னும் பின்னும் நசுங்கி இடியை வாங்கிக்கொள்ள வேண்டும், ஆள் உட்காரும் நடுப்பகுதி மட்டும் விறைப்பாக நிற்க வேண்டும் என்று 1950களின் தொடக்கத்திலேயே காப்புரிமை வாங்கியவர். 1959இல் அந்த மாதிரி கார் விற்பனைக்கே வந்துவிட்டது. நம்பிக்கை இல்லையென்றால் 2009இல் அமெரிக்காவின் ஐஐஹெச்எஸ் என்கிற சாலைப் பாதுகாப்பு அமைப்பு நடத்திய சோதனையின் வீடியோவைப் பாருங்கள். 1959 மாடல் செவர்லே பெல் ஏரையும் 2009 மாடல் செவர்லே மலிபுவையும் நேருக்கு நேர் மோதவிட்டார்கள். நீங்கள் சொல்கிற அந்தக் காலத்து இரும்பு, ஓட்டுநர் பொம்மையின் மேலேயே மடிந்து விழுந்தது. புது வண்டியின் மூக்குதான் போயிற்று, பொம்மை பிழைத்துக்கொண்டது.

என் வண்டியும் அதைத்தான் செய்தது. டிக்கி போயிற்று, பின் சீட்டு பாதி போயிற்று, நான் உட்கார்ந்திருந்த இடம் அப்படியே இருந்தது. கதவைத் திறந்து கீழே இறங்கி நின்று, இடித்தவனைத் திட்டவே முடிந்தது என்னால். இதைப் பெரியப்பாவிடம் சொன்னபோது குரல் உடைந்துவிட்டது. அவர் ஒரு நிமிடம் சும்மா இருந்துவிட்டு, "சரி, அடுத்தது டீசல் வாங்கு" என்றார்.

போனும் சும்மா இருப்பதில்லை. டோட்டல் லாஸ் என்று ஒரே ஒரு முறை தேடினேன், அவ்வளவுதான். இப்போது எதைத் திறந்தாலும் மலைப்பாதையில் ஒரு பளபள வண்டி, ஜன்னலில் தலையை நீட்டி ஒரு நாய், 'புதிய தொடக்கம்' என்று ஒரு வாசகம். கருமாதி முடிவதற்குள் வரன் பார்க்கிறார்கள்.

அடுத்த வண்டி வாங்குகிறவரைக்கும் ஓட்ட வாடகைக்கு ஒரு வண்டி எடுத்திருக்கிறேன். பெல்ட் போடுவதற்குள் கத்துகிறது. போட்ட பிறகும் கத்துகிறது. பக்கத்து சீட்டில் என் கைப்பை இருக்கிறதாம், அதற்கும் பெல்ட் போட வேண்டுமாம். ரோட்டில் போட்ட கோட்டைத் தொட்டால் கத்துகிறது, கதவைத் திறந்தால் கத்துகிறது, ரிவர்ஸ் எடுத்தால் நாலு பக்கமும் கத்துகிறது. நேற்று நெடுஞ்சாலையில் போய்க்கொண்டிருக்கும்போது திரையில் ஒரு காபிக் கோப்பை படம் வந்து, களைப்பாக இருக்கிறீர்கள், ஓய்வெடுங்கள் என்றது. ஆமாம் தாயே, களைப்பாகத்தான் இருக்கிறேன், யாரால் என்று நினைத்தாய்? கெட்ட வார்த்தை ஒன்று சொன்னேன். அதைக் கட்டளை என்று எடுத்துக்கொண்டு, பக்கத்தில் இருக்கிற பெட்ரோல் பங்குகளைக் காட்டியது. தனியாக உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். இடித்தவர் ஏன் அதை ஆஃப் பண்ணினார் என்று புரிந்துவிட்டது. அதற்காக மன்னிக்கப் போவதில்லை.

கார் மட்டுமா? ஃபிரிட்ஜ் கத்துகிறது, அடுப்பு கத்துகிறது. இந்த வாஷிங் மெஷின் இருக்கிறதே, துவைத்து முடித்ததும் ஒரு வரி பாட்டு பாடினால் போதாதா? முழுப் பாட்டும் பாடுகிறது. மூடியைத் திறந்தாலும் நிறுத்துவதில்லை. துணி துவைத்ததற்கு எதற்கய்யா கச்சேரி? இதை நிறுத்த எந்தப் பொத்தானை அமுக்க வேண்டும் என்று யாருக்காவது தெரிந்தால் தயவுசெய்து சொல்லுங்கள். கஸ்டமர் கேருக்கு மட்டும் போன் போடச் சொல்லாதீர்கள்.