பாட்டு மட்டும் வேண்டும், எழுதியவர் பெயர் வேண்டாமா?

ஞாயிற்றுக்கிழமை மேடையில் நடந்ததை உங்களில் பலர் நேரில் பார்த்தீர்கள், மற்றவர்கள் வீடியோவில் பார்த்திருப்பீர்கள். முழுக் கதையையும் திரும்பச் சொல்லப் போவதில்லை. பழைய இந்திப் பாடல்கள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் நடிகர் பெயர், பாடகர் பெயர், இசையமைப்பாளர் பெயர். பாதிக்கு மேல் பாடலாசிரியர் ஷைலேந்திரா எழுதியவை. ஒரு தடவைகூட அவர் பெயர் வரவில்லை. எழுந்து கேட்டேன். "சினிமாவுக்கு எழுதினவரெல்லாம் கவிஞரா சார்? விடுங்க" என்றார்கள். கூட்டம் சிரித்தது. அந்தச் சிரிப்பைத்தான் என்னால் விட முடியவில்லை.

அதுவும் மும்பை மாட்டுங்காவில்! 1947இல் இதே மாட்டுங்கா ரயில்வே பணிமனையில் வெல்டிங் வேலை பழகியவர் அவர். பூர்வீகம் பீகாரில் ஆரா பக்கம், தலித் குடும்பம். பிறந்தது ராவல்பிண்டி, வளர்ந்தது மதுரா. வடக்கே வேலைநிறுத்தம் என்றால் இன்றும் கேட்கும் 'ஹர்தால் ஹமாரா நாரா ஹை' (வேலைநிறுத்தமே எங்கள் முழக்கம்) என்ற முழக்கம் அவர் எழுதியதுதான். அவர் கவிதை வாசித்ததைக் கேட்டு ராஜ் கபூர் சினிமாவுக்குக் கூப்பிட்டபோது முடியாது என்றவர். வீட்டில் பணமுடை வந்த பிறகே 'பர்சாத்' படத்துக்கு எழுதப் போனார்.

என் அப்பா பிற்காலத்தில் அதே பணிமனையில் ஃபிட்டர். இந்தி எழுத்துக் கூட்டக்கூடத் தெரியாது. விவித் பாரதி வானொலியில் 'கீத்கார் ஷைலேந்திரா', அதாவது பாடலாசிரியர் ஷைலேந்திரா, என்று அறிவித்ததும் அடுப்படிப் பக்கம் திரும்பி, "ஏய், நம்ம ஒர்க்‌ஷாப் ஆளு" என்பார் அம்மாவிடம். அறிவிப்பாளர் அந்தப் பெயரைச் சொன்னதால்தானே அப்பாவுக்கு அந்தப் பெருமை? பாட்டெழுதியவர் பெயரையும் வானொலியில் சொல்ல வேண்டும் என்று இன்னொரு பாடலாசிரியரான சாஹிர் லூதியான்வி போராடியது இதற்காகத்தான்.

மெட்டுக்கு எழுதுவது இலக்கியமாகாது என்கிறீர்கள். கபீரும் மீராவும் சூர்தாசும் பாடப்பட்டுத்தானே நம்மிடம் வந்து சேர்ந்தார்கள்? ஐம்பதுகளில் கேஸ்கர் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சராக இருந்தபோதும் சினிமாப் பாட்டு தரக்குறைவு என்றுதான் அகில இந்திய வானொலியிலிருந்து விரட்டினார். ஜனங்கள் ரேடியோ சிலோன் பக்கம் போனார்கள். 1957இல் விவித் பாரதியைத் தொடங்கி அவர்களைத் திரும்ப அழைக்க வேண்டியதாயிற்று.

ஷைலேந்திரா சுமாரான பாட்டும் எழுதியிருக்கிறார் என்கிறார் ஒருவர். இருக்கட்டும். பெயரைச் சொல்லாததற்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

அப்புறம், "இந்தித் திணிப்பை எதிர்க்கும் உனக்கு இந்திக் கவிஞர்மேல் என்ன பாசம்?" என்று உள்பெட்டியில் கேட்டவருக்கு. இது உண்மையிலேயே வலித்தது. திணிப்பை நேற்றும் எதிர்த்தேன், நாளையும் எதிர்ப்பேன். ஷைலேந்திராவை என் அப்பாமேல் யாரும் திணிக்கவில்லை. அவராகத் தேடிப் பிடித்துக்கொண்டார்.

இலக்கியம் என்கிறீர்களே, இந்தி எழுத்தாளர் பணீஸ்வர்நாத் ரேணுவின் சிறுகதையை 'தீஸ்ரீ கஸம்' என்று படமாக எடுத்துக் கடனாளியானவர் இவர். வசனத்தை ரேணுவையே எழுத வைத்தார். அதில் மாட்டுவண்டிக்காரன் ஹீராமன் வண்டியில் உட்கார்ந்தபடி பாடுகிறான். கடவுளிடம் போக வேண்டும், அங்கே யானையும் இல்லை, குதிரையும் இல்லை, நடந்தேதான் போக வேண்டும் என்று. வண்டி ஓட்டிப் பிழைப்பவன் வாயில் இந்த வரியை வைக்கத் தெரிந்தவர் கவிஞர் இல்லையென்றால் வேறு யார்தான் கவிஞர்? படம் ஓடவில்லை. 1966 டிசம்பர் 14 அன்று, 43 வயதில் போய்விட்டார். சிறந்த படத்துக்கான தேசிய விருது அதற்குப் பிறகு வந்தது. உயிரோடு இருந்தபோது கைவிட்டார்கள், இப்போது பெயரையும் சேர்த்து விட்டுவிடச் சொல்கிறீர்கள்.

அடுத்த நிகழ்ச்சிக்கு என்னைக் கூப்பிட வேண்டாம் என்று முடிவாகியிருக்கிறதாம். சரி, கூப்பிடாதீர்கள். அவர் பாட்டைப் பாடுவதாக இருந்தால் அறிவிப்பில் பெயரைச் சேருங்கள். மனமில்லை என்றால் அந்தப் பாட்டைத் தொடாதீர்கள்.