ஒழுக்காற்றுப் பதிவேடும் முதலுதவி அறைக் கொப்பியும்

பாடசாலையில் ஒழுக்காற்றுக் குழுவுக்குப் பொறுப்பாக இருந்த ஆறு வருடங்களில், அந்தக் குழுவின் பதிவேட்டையும் முதலுதவி அறைக் கொப்பியையும் நான் ஒருநாளும் சேர்த்து வைத்துப் பார்த்ததில்லை. இடமாற்றம் கிடைத்து, பொறுப்புகளைக் கையளிப்பதற்காக இரண்டையும் ஒரே மேசையில் அடுக்கியபோதுதான், பத்தாம் தரத்து மாணவன் ஒருவனின் பெயர் இரண்டிலும், சில இடங்களில் ஒரே திகதியில், இருப்பது கண்ணில் பட்டது. காலை எட்டரைக்கு, "வயிற்றுக்குத்து, சுடுதண்ணீர் கொடுக்கப்பட்டது." பதினொரு மணிக்கு, "சக மாணவனை அடித்ததில் உதடு கிழிந்தது." இரண்டாவதை எழுதியது நான்.

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையிலிருந்து மண்முனைப் பாலத்தால் சைக்கிளில் வருகிற பிள்ளை அவன். தாய் குவைத்தில், தகப்பன் குடித்துவிட்டு வருகிற இரவுகளில் வீட்டில் எவருக்கும் நித்திரையில்லை. வயிற்றுக்குத்து என்றால் அம்மம்மா கண்ணூறு கழித்து ஓமத்தண்ணீர் கொடுப்பார். வைத்தியசாலையில் ஸ்கேன் எடுத்துப் பார்த்து ஒன்றுமில்லை என்றார்கள். நாங்கள் அதையே பிடித்துக்கொண்டு, பாடத்துக்குக் கள்ளம் என்று தீர்ப்பெழுதினோம்.

ஸ்கேனில் தெரியாத வலியும் வலிதான். ஓயாத பயத்தில் இருக்கிற உடம்பில் அட்ரினலின், கோர்ட்டிசோல் என்ற மனவழுத்த ஓமோன்கள் அடிக்கடி உயர்கின்றன. குடலின் அசைவு மாறுகிறது, கழுத்தும் தோளும் இறுகித் தலையிடி வருகிறது. பதின்ம வயதினருக்கு இரவில் 8 முதல் 10 மணி நேர நித்திரை தேவை என்கிறார்கள். அதில் பாதியும் கிடைக்காத பிள்ளைக்கு வலி கூடுதலாக உறைக்கும், கோபமும் சட்டென்று கை மீறும். அமெரிக்காவின் வட கரோலினாவில் பிள்ளைகளிடம் நடத்தப்பட்டு 1998இல் வெளியான ஆய்வொன்று, அடிக்கடி வரும் தலையிடி பெண் பிள்ளைகளிடம் மனச்சோர்வோடும், ஆண் பிள்ளைகளிடம் அடிதடி, விதிமீறல் போன்ற நடத்தைக் கோளாறோடும் சேர்ந்து காணப்பட்டதைக் காட்டியது. எது எதற்குக் காரணம் என்பது வேறு கேள்வி. இரண்டும் ஒரே பிள்ளையிடம் சேர்ந்திருக்கின்றன என்பதே எனக்குப் போதுமாக இருந்தது.

யுத்தமும் 2004 சுனாமியும் கண்ட எங்கள் மாவட்டத்தில் உளவளத்துணை என்ற சொல் ஒன்றும் புதிதல்ல. ஆனால் அதை அழுகிற பிள்ளைக்கென்று ஒதுக்கிவிட்டு, அடிக்கிற பிள்ளைக்குப் பிரம்பை வைத்துக்கொண்டோம். (நானும் பிரம்பு எடுத்தவன்தான்.) அடித்தவனைத் தட்டிக்கொடுத்து அனுப்பச் சொல்லவில்லை, உதடு கிழிந்த பிள்ளைக்கும் ஒரு தாய் இருக்கிறாள். எல்லாத் தலையிடியும் மனத்திலிருந்து வருவதுமில்லை. கண்பார்வைக் குறையாகவோ, வெறும் வயிற்றோடு வந்ததாகவோ இருக்கலாம் என்பதால் முதலில் வைத்தியரிடம்தான் காட்டவேண்டும். நான் கேட்பதெல்லாம், வகுப்பாசிரியர் மாதத்துக்கு ஒருமுறை இரண்டு கொப்பிகளையும் சேர்த்து வாசிக்கட்டும், இரண்டிலும் பெயருள்ள பிள்ளையிடம் "ஏன் அடிச்சனி?" என்பதற்கு முன் "ராத்திரி எத்தனை மணிக்குப் படுத்தனி?" என்று கேட்கட்டும் என்பதுதான்.

கையளித்த அன்று இரண்டையும் ஒரே நூலால் கட்டிக் கொடுத்தேன். புதிய பொறுப்பாளர் அவிழ்த்து, பழையபடி வேறு வேறு அலுமாரிகளில் வைத்துவிட்டதாகப் பிறகு அறிந்தேன்.