மருந்துக் கடை எங்கே இருக்க வேண்டும்?

2024 சுதந்திர தின உரையில் அறிவிக்கப்பட்ட முதல்வர் மருந்தகங்கள், 2025 பிப்ரவரி 24 அன்று ஆயிரம் இடங்களில் திறக்கப்பட்டன. பிராண்டு பெயர் இல்லாமல் மூலப்பெயரிலேயே விற்கப்படும் ஜெனரிக் மருந்துகளைக் குறைந்த விலைக்குத் தரும் திட்டத்தை வரவேற்கிறேன். பி.பார்ம், டி.பார்ம் படித்தவர்களுக்கு மானியம் கொடுத்துக் கடை வைக்கச் சொன்னதும் நல்ல யோசனைதான். ஆனால் விலையில் காட்டிய அக்கறையை, கடை அமையும் இடத்திலும் அரசு காட்டியிருக்க வேண்டும்.

எந்தத் தாலுகா ஊரிலும் அரசு மருத்துவமனைக்கு எதிரே மெடிக்கல் கடைகள் வரிசையாக நிற்கின்றன. அங்கிருந்து மினி பஸ் ஏறிக் கடைசி நிறுத்தத்தில் இறங்கினால், பெட்டிக்கடைக்காரர் அட்டையிலிருந்து இரண்டு பாராசிட்டமாலைக் கத்தரித்துக் கொடுப்பதே அவ்வூரின் மருந்து விநியோகம். ஆயிரம் பேருக்கு மேற்படாத கிராமங்களில் பாராசிட்டமால், தைலம், கிரைப் வாட்டர் போன்றவற்றை உரிமம் இல்லாமலே விற்கலாம் என்று மருந்து விதிகள் விலக்கு அளிக்கின்றன. இன்சுலினுக்கோ குழந்தையின் ஆன்டிபயாட்டிக் மருந்துக்கோ அந்த விலக்கு உதவாது. 2021 முதல் நடக்கும் மக்களைத் தேடி மருத்துவம், சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவருவது பெரிய ஆறுதல் என்றாலும், இரவில் திடீரென்று வரும் காய்ச்சல் அந்தப் பட்டியலுக்குள் அடங்குவதில்லை.

சில்லறை மருந்துக் கடைக்கு உரிமம் தரும்போது பத்து சதுர மீட்டர் இடம் இருக்கிறதா, பதிவு பெற்ற மருந்தாளுநர் இருக்கிறாரா, குளிர்பதனப் பெட்டி உண்டா என்றெல்லாம் 1945ஆம் ஆண்டு விதிகளின்படி பார்க்கிறார்கள். பக்கத்துக் கடை எத்தனை கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது என்பது அந்த விதிகளுக்குத் தேவைப்படாத தகவல். அதனால் வியாபாரம் உள்ள இடத்திலேயே கடைகள் குவிகின்றன. முதலீடு போட்டவரைக் குறை சொல்ல முடியாது.

இங்கிலாந்தில் உள்ளாட்சி அளவில் மருந்தகத் தேவையைக் கணக்கெடுத்து அறிக்கை வெளியிடுகிறார்கள். புதிய கடைக்கான விண்ணப்பத்தை அதனுடன் ஒப்பிட்டே முடிவெடுக்கிறார்கள். அடுத்த மருந்தகம் ஒரு மைலுக்கு மேல் தள்ளியிருந்தால், தகுதியுள்ள கடைக்குக் கூடுதல் தொகை வழங்கும் திட்டம் 2016 முதல் உண்டு. அங்கும் கடைகள் மூடப்பட்டுக்கொண்டுதான் இருக்கின்றன. ஆயினும் தூரத்தை அரசு அளந்து பார்க்கிறது.

நம் மானியமோ தொழில்முனைவோருக்கு மூன்று லட்சம், கூட்டுறவுச் சங்கத்துக்கு இரண்டு லட்சம் என்று நடத்துபவரைப் பார்த்தே பிரிக்கப்பட்டது. மெடிக்கல் கடையே இல்லாத ஊராட்சியில் முதல் கடை திறப்பவருக்கு அதைவிடக் கூடுதலாகக் கொடுக்கலாம். குறைந்த விலை மருந்தில் லாபமும் குறைவு என்பதால், விற்பனை சூடுபிடிக்கும் வரை மாதந்தோறும் ஒரு தொகை தருவது, தொடக்கத்தில் மொத்தமாகத் தருவதைவிடப் பயன்படும். அடுத்த கட்டத்துக்கு விண்ணப்பம் கோரும் முன், எந்த ஊராட்சியிலிருந்து மருந்துக் கடை எவ்வளவு தூரம் என்ற பட்டியலை ஒன்றியவாரியாக அரசு வெளியிடட்டும்.