525 மடங்கு என்பது பெட்டியில் மட்டுமே
70 மி.மீ. தொலைநோக்கியில் 525 மடங்கு பெரிதாக்கிச் செவ்வாயின் தரையைத் தெளிவாகக் காணலாம் என்று தொலைநோக்கி பற்றிய இந்தக் கட்டுரை கூறுவது, பெட்டியின் மேல் அச்சிட்ட விளம்பரத்தை அப்படியே நம்பியதாகத் தோன்றுகிறது. பொருளருகு லென்ஸின், அதாவது கருவியின் முன்முனையில் உள்ள பெரிய லென்ஸின், விட்டத்தில் (இங்கே 70 மி.மீ.) ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் ஏறத்தாழ இரண்டு மடங்கு என்பதே பயன்தரும் உருப்பெருக்கத்தின் மேல்வரம்பு. ஆகவே இக்கருவியில் 140 மடங்கைத் தாண்டினால் பிம்பம் பெரிதாகுமே தவிர, புதிய விவரம் எதுவும் கிடைக்காது, மங்கலும் கலங்கலும்தான் கூடும். அந்த 140 மடங்கும் காற்று அசையாத இரவுகளில்தான் கைகூடும். செவ்வாயைப் பொறுத்தவரை கருவியோடு தொடர்பில்லாத சிக்கலும் உண்டு: 2018 ஜூலை இறுதியில் அது 5.76 கோடி கி.மீ. தொலைவுக்கு நெருங்கி வந்தும், கோள் முழுவதையும் மூடியிருந்த புழுதிப்புயலால், என்னுடைய 8 அங்குல டாப்சோனியனிலும் (பெரிய ஆடி கொண்ட தொலைநோக்கி) ஆரஞ்சு நிற வட்டுக்கு மேல் பெரிதாக எதுவும் தென்படவில்லை. யுரேனஸின் வளையங்கள் தெரியுமா என்று கட்டுரைக்கான கருத்துகளில் கேட்டிருக்கும் நண்பருக்கு: தெரியா, நமது கருவிகளில் யுரேனஸ் நீலப்பச்சைப் புள்ளி மட்டுமே. மாறாக, வியாழனின் நான்கு பெரிய நிலவுகளும் இரண்டு முதன்மை மேகப் பட்டைகளும், பூமியை நோக்கிச் சாய்ந்திருக்கும் ஆண்டுகளில் சனியின் வளையமும் இதே 70 மி.மீ. கருவியில் 50 மடங்கிலேயே கூர்மையாகத் தெரியும். கட்டுரையில் இதற்கு ஒரு வரிகூட இல்லை.