ஈரக் கல்லில் தார் ஒட்டாது

இங்கே பர்மாவில், ஜூனில் போட்ட எங்கள் ஊர்ச் சாலை ஆகஸ்டிலேயே பல்லிளித்துவிட்டது. பெகு டீக்கடையில் உட்கார்ந்தால் எல்லாரும் பாடுவது ஒரே பாட்டுத்தான்: காண்ட்ராக்டர் தாரைத் தின்றுவிட்டான். தின்றிருப்பான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் மூன்று வருஷம் கல் லாரி ஓட்டியவன் சொல்கிறேன், சொட்டுக் குறையாமல் ஊற்றியிருந்தாலும் அந்தச் சாலை நின்றிருக்காது.

முதல் கோளாறு நாள்காட்டியில். இங்கே பட்ஜெட் வருஷம் ஏப்ரல் 1-ல் தொடங்குகிறது. கோப்பு நகர்வதற்குள் பர்மியப் புத்தாண்டான திஞ்சான், நமக்குச் சித்திரைப் பிறப்பு, ஆபீஸெல்லாம் பூட்டு. திறந்து நிமிர்ந்தால் மே நடுவில் மழை பிடித்துக்கொள்ளும், அக்டோபர் வரை விடாது. அவசரக்காரர் மழையிலேயே வேலையைத் தொடங்குவார். பொறுத்தவரோ மார்ச் 31-க்குள் கணக்கை முடிக்கப் பறப்பார். 2018-ல் பட்ஜெட் வருஷத்தை அக்டோபருக்கு மாற்றினார்கள், மழை விட்டதும் பணம் கையில் இருக்கும், சாலை வேலைக்குத் தோது. 2022-ல் பழையபடி ஏப்ரல்!

தட்டோன் பக்கம் ஒரு ஜூன் மாத வேலை இன்னும் கண்ணில் நிற்கிறது. பெண்கள் பெரிய கல்லைக் கையால் ஒவ்வொன்றாக அடுக்கி, இடுக்கில் சின்னக் கல் திணித்திருந்தார்கள். தார் டிரம்முக்குக் கீழே விறகு. சூடு பார்க்கக் கருவி கிடையாது, புகையின் நிறம்தான் கணக்கு. அளவுக்கு மீறிக் காய்ந்தால் தாரின் பசை போய்விடும், ஆறியதும் முறுகிய பாகு மாதிரி நொறுங்கும்.

தூறல் விட்ட நேரம். வாளியோடு நின்ற நம்ம அக்கா ஒருத்தி மேஸ்திரியிடம் கேட்டாள்: "கல்லு ஈரமா இருக்கே அண்ணே, ஊத்தவா?"

"ஊத்தும்மா, நாலு மணிக்கு ஆபீசர் வராரு."

ஊற்றினாள். தாளிக்கிற சட்டியில் தண்ணீர் பட்டதுபோல் சடசடவென்று தெறித்தது. ஈரக் கல்லைத் தார் பிடிக்காது, மேலே போர்வையாகக் கிடக்கும். நாலு மணிக்குப் பார்த்தால் கறுகறுவென்று அழகாகத்தான் இருந்தது. நானும் வாடகையை வாங்கிக்கொண்டு வாயை மூடிக்கொண்டு வந்தேன்.

அப்புறம் லாரிகள். இரங்கூன் – மண்டலே விரைவுச் சாலை திறந்தபோது சரக்கு லாரிக்கு அதில் அனுமதி இல்லை. பாரமெல்லாம் பெகு வழியாகப் போகும் பழைய சாலையின் தலையில்தான் விழுந்தது. அச்சுச் சுமை, அதாவது லாரியின் ஒரு அச்சு சாலையில் இறக்கும் பாரம், இரண்டு மடங்கானால் சேதம் ஏறக்குறைய 16 மடங்கு என்பது பொறியாளர் கணக்கு. இதைத் தெரிந்துகொண்டா நாங்கள் பாரம் ஏற்றினோம்?

எல்லாவற்றையும்விடத் தண்ணீர். மோல்மேனில் வருஷத்துக்கு 4,500 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டுகிறது, சென்னையைப்போல் மூன்று மடங்கு. எங்கள் பக்கமும் லேசில்லை. இந்த மண்ணில் வாய்க்கால் இல்லாத சாலை ஊறிய ரொட்டி. எஸ்டிமேட்டில் வாய்க்கால் இருந்ததா என்று யாரும் கேட்கவில்லை. இருந்த பழைய வாய்க்காலையும் கடைக்கு வழி வேண்டும் என்று நாமே மண் கொட்டி மூடினோம்.

நேற்று ஒட்டுப்போடக் கல் வந்து இறங்கியிருக்கிறது. மழையும் விடவில்லை. காயும்வரை பொறுக்கச் சொல்லி மேஸ்திரியைப் பார்க்கப் போகிறோம். ஞாயிறு காலை வாய்க்கால் தோண்டவும் போகிறோம், மண்வெட்டி உள்ளவர்கள் கோயில் வாசலுக்கு வாருங்கள். மாமா, உங்கள் கடை மேடையையும் உடைக்க வேண்டியிருக்கும், இப்போதே சொல்லிவிட்டேன்.