2008-இல் அரிசி விளையாமல் போகவில்லை

"2008-இல் உலகம் முழுக்க அரிசி விளைச்சல் படுத்துவிட்டது, அதனால்தான் கரீபியன் தீவு நாடான ஹைட்டியில் கலவரம்" என்று ஒருவர் அடித்துச் சொல்கிறார். கலவரம் உண்மை, காரணம்தான் தப்பு. அந்தப் பருவத்தில் உலக அரிசி உற்பத்தி குறையவே இல்லை, கூடத்தான் செய்தது. 2007 அக்டோபரில் இந்தியா பாசுமதி அல்லாத அரிசி ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டது, வியட்நாமும் கையை இறுக்கியது, பிலிப்பைன்ஸ் பதறிப்போய் என்ன விலையானாலும் சரி என்று வாங்கிக் குவிக்க, சில மாதங்களில் தாய்லாந்து அரிசி டன் 1000 டாலரைத் தொட்டது. அப்புறம் ஜப்பான் தன் கிடங்கு அரிசியை வெளியே விடப்போகிறது என்று செய்தி வந்ததுமே, ஒரு மூட்டை நகரும் முன்பே, விலை இறங்க ஆரம்பித்தது. பஞ்சமென்றால் இப்படி இறங்குமா?

சரி, ஹைட்டி ஏன் இவ்வளவு அடிவாங்கியது? 1980-களின் தொடக்கத்தில் தன் அரிசியைப் பெரும்பாலும் தானே விளைவித்த நாடு அது. 1995-இல் இறக்குமதி வரியை 3 சதவீதத்துக்கு இறக்கியதும் மானியத்தில் விளைந்த அமெரிக்க அரிசி வந்து குவிந்தது, உள்ளூர் விவசாயி நொடித்துப்போனார் (அப்போது அமெரிக்க அதிபராக இருந்த கிளிண்டனே 2010-இல் அது தவறு என்று ஒப்புக்கொண்டார்). வெளிச்சந்தை விலை ஏறியதும் தாங்க எதுவும் இல்லை. ப்ளீச் குடித்ததுபோல் வயிறு எரிகிறது என்று அந்தப் பசிக்கு 'குளோராக்ஸ்' என்று ஒரு ப்ளீச் பிராண்டின் பெயரையே வைத்தார்கள். களிமண்ணில் உப்பும் கொழுப்பும் பிசைந்து வெயிலில் காயவைத்த வில்லைகளையும் தின்றார்கள். கலவரம் வெடித்ததையடுத்து, 2008 ஏப்ரல் 12 அன்று ஹைட்டியின் செனட் பிரதமர் அலெக்சிஸை நீக்கியது.